பாட்டுக் கேட்க வந்தவர் கையில் மண்வெட்டி: இசைவிழாவும் நில மீட்பும்

ஒரு மரக்கன்றை நட ஐந்து நிமிடம் போதும். அந்தக் கன்று யார் தயவும் இல்லாமல் தன் காலில் நிற்க இரண்டு மூன்று வருடம் ஆகும். ஐந்து நிமிட வேலைக்கு ஆள் திரட்டுவது எங்கேயும் சுலபம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், அலுவலகக்காரர்கள் வருவார்கள், நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த கோடையில் தண்ணீரோடு யார் வருவார் என்பதுதான் கேள்வி. இசைவிழாவையும் மரம் நடுதலையும் ஒன்றாகக் கோப்பதில் ஏதாவது பொருள் இருக்கிறதென்றால், அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் இருக்கிறது. பாட்டுக்காக வந்த கூட்டம் அடுத்த வருடமும் பாட்டுக்காக அதே இடத்துக்கு வரும். வந்த இடத்தில், போன வருடம் தான் நட்டது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்க்கும்.

விழா, கூட்டம், மரம் மூன்றுமே நல்லவைதானே, சேர்த்துவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் இவை இயல்பிலேயே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. கூட்டம் நிலத்தை மிதிக்கும். வேருக்கோ மிதிபடாத மண் வேண்டும். விழாவுக்கு மழை வராத நாள் வேண்டும். கன்றுக்கு மழை வேண்டும். விழா மூன்று நாளில் முடிந்துவிடும். காடு முப்பது வருட வேலை. இந்த முரண்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இந்த யோசனை முழுவதும் புரிந்துவிடும்.

ஒரே பெயரில் மூன்று விதம்

முதல் விதம், டிக்கெட்டுக்கு ஒரு மரம். நீங்கள் டிக்கெட் வாங்கும்போது அதில் ஒரு பங்கு எங்கோ மரம் நடும் அமைப்புக்குப் போகிறது. நட்ட இடத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை. கோல்ட்ப்ளே இசைக்குழு 2022இல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்துக்கு இப்படித்தான் அறிவித்தது. இதே குழு 2002இல் வெளியிட்ட ஆல்பம் ஒன்றைத் தயாரித்து விற்றதில் வெளியான கார்பனுக்கு ஈடாகக் கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகள் நட ஏற்பாடானது. அவற்றில் பல தண்ணீரில்லாமல் பட்டுப்போயின என்று 2006இல் செய்திகள் வந்தன. இசைக்குழுவின் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் கொடுத்தவருக்கும் கன்றுக்கும் இடையிலிருந்த தூரம்தான் அங்கே கன்றைக் கொன்றது என்பது என் கணிப்பு. தூரத்தில் நடுவது எப்போதுமே தோற்கும் என்று சொல்ல வரவில்லை. தோற்றால் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

இரண்டாவது விதம், விழா ஒரே நிலத்தில் வேர்விட்டு அந்த நிலத்தையே தேற்றுவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடக்கும் வுட்ஃபோர்டு நாட்டுப்புற இசைவிழா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1987இல் மலேனி என்ற ஊரில் தொடங்கிய விழா, இடம் போதாமல் 1994இல் வுட்ஃபோர்டுக்குப் பெயர்ந்தது. புது இடம் சுமார் 500 ஏக்கர். காட்டை அழித்துப் பல காலம் மாடு மேய்த்த பண்ணை நிலம். விழாக்காரர்கள் அந்த நிலத்துக்கு வுட்ஃபோர்டியா என்று பெயர் வைத்து, தன்னார்வலர்களைக் கொண்டு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டிருக்கிறார்கள். 500 வருடத் திட்டம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் மரத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் வேறு எந்தக் கணக்கில் யோசிப்பார்கள்?

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா 1970இல் தொடங்கியது, இன்றும் அதே பால் பண்ணையில்தான் நடக்கிறது. இரண்டு லட்சம் பேர் கூடும் அந்தப் பண்ணையிலும் சுற்றிலும் 2000ஆவது ஆண்டிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உள்நாட்டு மரங்களும் வேலிச்செடிகளும் நடப்பட்டிருக்கின்றன. அங்கே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை விழாவே நடத்தாமல் நிலத்தைத் தரிசாகப் போடுகிறார்கள். 2006, 2012, 2018 ஆகியவை அப்படி ஓய்வு விட்ட வருடங்கள். மரம் நடுவதைவிட இந்த ஓய்வுதான் பெரிய நில மீட்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது விதத்தில் நடுவதுதான் விழா. பகலெல்லாம் மண் வேலை, மாலையில் கச்சேரி. கூட்டம் சில நூறு பேர். டிக்கெட் விலை குறைவு, அல்லது உழைப்பே டிக்கெட். வுட்ஃபோர்டியாவிலேயே பெரிய விழாவைத் தவிர இப்படியொரு சின்ன நடவு விழாவும் ஆண்டின் வேறொரு நேரத்தில் நடத்தப்படுவதுண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்றில் இதுவே பொருத்தம் என்பேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

வேலையோடு விழாவைச் சேர்ப்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1872 ஏப்ரல் 10 அன்று முதல் மர நாள் கொண்டாடினார்கள். அன்று ஒரே நாளில் சுமார் பத்து லட்சம் மரங்கள் நட்டதாகச் சொல்வார்கள். ஜப்பானின் தேசிய மரநடு விழாவும் இந்தியாவின் வன மகோத்சவமும் தொடங்கியது ஒரே ஆண்டில், 1950இல். நாற்று நடுகிறவர்களும் துடுப்புப் போடுகிறவர்களும் கயிறு இழுக்கிறவர்களும் பாடிக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறார்கள். இசைவிழா அந்தப் பழைய உறவுக்கு ஸ்பீக்கரும் மேடையும் வைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மரம் நட்டால் நிலம் மீண்டுவிடுமா?

நிலம் கெட்டுப்போனது என்றால் பெரும்பாலும் மேல்மண் போய்விட்டது என்று பொருள். மக்கு, பூஞ்சை, மண்புழு, உறங்கும் விதைகள் எல்லாம் மேலே உள்ள ஒரு சாண் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. மரத்தை வெட்டி, அளவுக்கு மீறி மேய்த்து, வெயிலுக்கும் மழைக்கும் திறந்து போட்டால் அது கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவது இறுகிய அடிமண். அதில் விழும் மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். ஓடும்போது இன்னும் கொஞ்சம் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். இந்தச் சுழலை எங்கேயாவது ஓரிடத்தில் அறுப்பதுதான் நில மீட்பு. மரம் அதற்கான கருவிகளில் ஒன்று.

பல இடங்களில் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவதுதான். பர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி 1980களில் செய்தது இதைத்தான். கல்லாக இறுகிக் கிடந்த நிலத்தில் கோடையிலேயே சிறு சிறு குழிகள் தோண்டி, எருவும் இலைதழையும் போட்டு வைத்தார். எருவைத் தேடிவந்த கரையான்கள் மண்ணைத் துளைத்தன. மழை வந்தபோது தண்ணீர் அந்தத் துளைகள் வழியே உள்ளே இறங்கியது. சரிவுக்குக் குறுக்கே கல் வரிசைகளும் வைத்தார். தானியம் விளைந்தது, கூடவே மரமும் முளைத்தது. நம் தலைப்புக்கு முக்கியமான சங்கதி இன்னொன்று உண்டு. தன் பண்ணையிலேயே வருடத்துக்கு இரண்டு முறை சந்தை கூட்டினார். பல கிராமத்து விவசாயிகள் வந்து விதையும் அனுபவமும் பரிமாறிக்கொண்டார்கள். பாட்டு மேடை இல்லை என்பதைத் தவிர அது நாம் பேசும் விழாதான். ஆட்கள் திரும்பத் திரும்ப அதே நிலத்துக்கு வந்தார்கள், பார்த்தார்கள், கற்றார்கள்.

விழாக் கூட்டத்துக்குக் கொடுக்க ஏற்ற வேலையும் இதிலேயே இருக்கிறது. சரிவின் குறுக்கே சம மட்டத்தில் கல் வரிசை அமைப்பதற்கு முன்பயிற்சி அதிகம் வேண்டாம். மட்டம் பார்க்க ஒருவர் தெரிந்தவர் இருந்தால் போதும். மற்றவர்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினால் ஒரு காலைப் பொழுதில் நூறு மீட்டர் எழும்பிவிடும். யாராவது பறை, டோலக் என்று ஏதாவது தட்டிக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக எழும்பும். தவறாக வைத்த கல்லை எடுத்துத் திருப்பி வைக்கலாம். தவறாக நட்ட கன்றுக்கு அந்த வசதி இல்லை.

களை எடுப்பதும் மீட்புதான். உண்ணிச்செடி புதராக மண்டிய இடத்தில் எந்தக் கன்றும் எழாது. சில இடங்களில் நடவே வேண்டாம். டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் நைஜரில் கன்று நட்டு நட்டுத் தோற்றுப்போன பிறகு 1983இல் ஒன்றைக் கவனித்தார். வயலில் புதர்போலத் தெரிந்தவை உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். அவற்றின் வேர் உயிரோடுதான் இருந்தது. பல கிளைகளில் நல்லதாகச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்தால் மரம் தானே எழுந்துவிடும். விவசாயிகள் இந்த முறையைக் கையிலெடுத்தபோது நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் பசுமையானது. விழாவில் இதைச் செய்தால் ‘நான் நட்டேன்’ என்று காட்ட ஒரு கன்று இருக்காது, கையில் கத்தரிக்கோல்தான் இருக்கும். ஆனால் பிழைக்கும் வாய்ப்பு புதுக் கன்றைவிட அதிகம்.

மரமே கூடாத நிலமும் இருக்கிறது. இயற்கையான புல்வெளி வெறும் நிலம் அல்ல. அங்கே மரம் நட்டால் புல்லை நம்பிய பறவையும் பூச்சியும் போய்விடும். ஸ்காட்லாந்தின் வடக்கே ஃப்ளோ கன்ட்ரி எனப்படும் கரிச்சேற்று நிலத்தில் (முழுதாக மக்காத செடிகொடிகள் காலங்காலமாகப் படிந்த ஈர நிலம்) 1980களில் வரிச்சலுகைக்காக ஊசியிலை மரங்களை நட்டார்கள். நிலம் வறண்டு, அதிலிருந்த கார்பன் வெளியேறத் தொடங்கியது. இப்போது அதே மரங்களை வெட்டி அகற்றி நிலத்தைத் திரும்ப ஈரமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பிலிப்பீன்ஸில் அலையாத்தி நடவுகள் பல, கடலோரத்தில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நடந்ததால், பத்துக்கு இரண்டுகூடத் தேறாமல் போயின. அலையாத்தி இயல்பாக வளரும் இடத்தில் மீன் குட்டைகள் இருந்தன. காலியாகக் கிடந்தது அலை அடிக்கும் சேற்றுத்திட்டு மட்டும். சீமைக் கருவேலத்தின் கதை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வறண்ட நிலத்தைக் காக்கும் என்று நம்பித்தான் அதைக் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும்கூட நட்டார்கள். மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது.

இனத் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வுட்ஃபோர்டு இருக்கும் குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலிருந்தே ஒரு சின்னக் கதை. அங்குள்ள ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அங்கே இயல்பாக வளரும் ஒருவகைக் காட்டுக்கொடியின் இலைதான் உணவு. அழகுக்காகத் தோட்டங்களில் வைத்த வெளிநாட்டு ஆடுதின்னாப்பாளை வகைக் கொடி ஒன்றும் பட்டாம்பூச்சிக்கு அதே கொடியைப் போலவே தெரிகிறது. ஏமாந்து அதில் முட்டையிடுகிறது. இலையைத் தின்ற புழு செத்துப்போகிறது. எனவே அங்கே நில மீட்பு என்றால் சரியான கொடியை நடுவதும் தவறான கொடியைப் பிடுங்குவதும் சேர்ந்ததுதான். உங்கள் நிலத்துக்கு எது சரி என்பதை அந்தப் பகுதியின் தாவரங்கள் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அவரைத் தேடிப் பிடிப்பது, பாட்டுக்காரரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

விழா நிலத்துக்குச் செய்யும் கெடுதல்

நல்ல எண்ணத்தோடு கூடும் கூட்டமும் கூட்டம்தான். ஆயிரக்கணக்கான கால்களும் லாரிகளும் ஈர மண்ணில் நடமாடினால் மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் நசுங்கிவிடும். அப்புறம் தண்ணீர் இறங்காது, வேர் நுழையாது. மரங்களின் வேரில் பெரும்பகுதி மேலேயுள்ள அறுபது சென்டிமீட்டருக்குள்தான் பரவியிருக்கிறது. கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகிறது. நிழல் இருக்கிறதே என்று பெரிய மரத்தடியில் வண்டி நிறுத்த விட்டால், நூறு கன்று நட்டுத் தேடிய புண்ணியம் அந்த ஒரு மரத்தோடு போய்விடும்.

அடுத்தது சிறுநீர். 2019 விழாவின்போது கிளாஸ்டன்பரி வழியே ஓடும் சிற்றாற்றில் போதைப்பொருள் கலந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2021இல் வெளியிட்டார்கள். கூட்டம் வெட்டவெளியில் சிறுநீர் கழித்ததன் விளைவு. அதையே ஒழுங்காகச் சேர்த்தால் உரமாகும். டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2015இல் சுமார் 50,000 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து பார்லி வயலுக்கு உரமாக விட்டார்கள். அந்தப் பார்லியில் பீர் காய்ச்சி 2017 விழாவில் ஊற்றிக்கொடுக்கும் திட்டம்! போர்ச்சுகலின் பூம் விழா தண்ணீர் ஊற்றாத மக்குக் கழிப்பறைகளுக்குப் பேர்போனது. கழிப்பறையைச் சரியாக அமைப்பது மேடையில் பசுமை பற்றிப் பேசுவதைவிட நிலத்துக்கு அதிகம் உதவும்.

சத்தமும் வெளிச்சமும் குறைத்து மதிப்பிடப்படுகிற கெடுதல்கள். கூடு கட்டும் மாதத்தில் பழைய மரத்தருகே பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பறவை கூட்டை விட்டுப் போகலாம். மேடையை நீர்நிலையிலிருந்தும் முதிய மரங்களிலிருந்தும் தள்ளி வைத்து, இரவு விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பினால் பெரும்பகுதி தீரும்.

கார்பன் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் விளம்பரங்களில் அதிகம் புரளுவது இதில்தான். விழாக்களின் கார்பனில் பெரும்பங்கு ரசிகர்கள் வந்து போகும் பயணத்திலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. போக வர 400 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 60 கிலோவுக்கு மேல். நன்றாக வளர்ந்த மரம் ஒன்று வருடத்துக்குத் தோராயமாக 20 கிலோ உறிஞ்சலாம். ஆக, ஒரே ஒரு கார்ப் பயணத்துக்கு ஒரு வளர்ந்த மரத்தின் மூன்று வருட உழைப்பு வேண்டும். முழங்கால் உயரக் கன்று முதல் சில வருடங்களில் உறிஞ்சுவது சொற்பம். மரம் நட்டோம், கணக்கு நேர் என்று சொல்கிற விழாவை நான் நம்புவதில்லை. பேருந்து ஏற்பாடு செய்த விழாவை நம்புவேன்.

நாள் குறிப்பதில் உள்ள சிக்கல்

ஐயாயிரம் பேர் வருகிற விழா என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு கன்று, மொத்தம் பத்தாயிரம். காடு மீட்பில் குயின்ஸ்லாந்தில் பிறந்து தாய்லாந்தில் வளர்ந்த ஒரு முறை இருக்கிறது. வேகமாக நிழல் கட்டும் மரங்களும் பறவைகளை ஈர்க்கும் மரங்களுமாக இருபது முப்பது உள்ளூர் இனங்களைக் கலந்து, ஏறக்குறைய 1.8 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஹெக்டேருக்கு 3,100 கன்று வரும். இரண்டு மூன்று வருடத்தில் மேலே குடைபோல நிழல் மூடினால் களை தானே ஒடுங்கும். பழம் தின்னும் பறவைகள் மற்ற விதைகளைக் கொண்டுவந்து போடும். இந்தக் கணக்கில் நம் பத்தாயிரத்துக்கு மூன்றேகால் ஹெக்டேர் வேண்டும்.

இதை விழாவுக்கு வசதியான வறண்ட மாதத்தில் நட்டால் என்ன ஆகும்? கன்றுக்கு வாரம் பத்து லிட்டர் ஊற்றினாலும் வாரத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி வாரம் பத்து நடை வர வேண்டும், மழை வரும்வரை. அவ்வளவு தண்ணீரும் வண்டியும் யாரிடம் இருக்கிறது? மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். குளிர்நாடுகளில் மரம் உறங்கும் குளிர்காலம் இதே வேலையைச் செய்கிறது. பையும் மண்ணும் இல்லாமல் வரும், இலையில்லாத வெறும் வேர்க் கன்றுகளை அப்போது நடலாம். கிளாஸ்டன்பரி விழா ஜூனில். கன்று நட அது பருவமே அல்ல.

ஆகவே நாள் இரண்டாகப் பிரிய வேண்டும். வறண்ட மாதத்துப் பெரிய விழாவில் குழி தோண்டலாம், கல் வரிசை கட்டலாம், களை வெட்டலாம், விதை பொறுக்கலாம், நாற்றங்காலில் பை நிரப்பலாம். மழை தொடங்கியதும் சில நூறு பேர் மட்டும் வரும் சின்ன நடவு விழா. சேற்றில் நின்று நடுகிறவர்கள் உண்மையாகவே நட வந்தவர்களாக இருப்பார்கள். மூன்றாவது விதம் பொருத்தம் என்று முன்பு சொன்னது இதனால்தான்.

கன்று எங்கிருந்து வரும் என்பதும் நாள் குறிப்பதோடு சேர்ந்த விஷயம். விதை சேகரித்து, முளைக்க வைத்து, நடும் அளவுக்கு வளர்க்கப் பல இனங்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். கடைசி நேரத்தில் பத்தாயிரம் கன்று தேடினால் கிடைப்பது அழகுச்செடிதான். பாட்டுக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நாற்றங்காலுக்கு முன்பணம் கொடுங்கள்.

நடும் நாள்

நடத் தெரியாத ஆயிரம் பேரைவிட, சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள நூறு பேர் மேல். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். முந்தின நாளே அந்த வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும். எந்த இனம் எங்கே என்று நிறக் குச்சிகள் ஊன்றியிருந்தால் தாழ்வான ஈர இடத்து மரம் மேட்டுக்குப் போகாது. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். நிழலில் வைத்திராத கன்று நடும்முன்பே வாடிவிடும்.

நடுவதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கன்றைப் பையோடு தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். பையைக் கிழித்து எடுங்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்றால், பையோடு புதைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அடியில் வேர் சுருண்டிருந்தால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல வருடம் கழித்து அது தன் கழுத்தையே நெரிக்கும். தண்டும் வேரும் சேரும் இடம் மண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். அதைவிட ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். மண்ணைக் காலால் மெல்ல அழுத்தி, சுற்றிலும் காய்ந்த இலை, வைக்கோல் என்று நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டு, அது தண்டைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் தண்ணீர். மேடையில் யார் பாடுகிறார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எண்ண வேண்டியது எதை?

விழா முடிந்ததும் ஓர் எண் வெளிவரும்: இத்தனை ஆயிரம் மரங்கள் நட்டோம். இந்த எண்ணுக்கு அடுத்த வருடம்தான் பொருள் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 2016 ஜூலையில் ஒரே நாளில் எட்டு லட்சம் பேர் சுமார் ஐந்து கோடி கன்றுகள் நட்டு உலக சாதனை படைத்தார்கள். துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரு கோடியே பத்து லட்சம் கன்றுகள் நட்டார்கள். சில மாதத்தில் அங்குள்ள வனத்துறைத் தொழிற்சங்கம், தாங்கள் பார்த்த கன்றுகளில் பத்துக்கு ஒன்பது பட்டுப்போயிருந்தன என்றது. அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நட்ட நாளின் எண்ணை உலகமே கொண்டாடிய இடத்தில், பிழைத்த எண்ணுக்கு இரண்டு தரப்பும் சண்டை போட வேண்டியிருந்தது.

கென்யாவின் வங்காரி மாத்தாய் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். 1977இல் நைரோபியில் ஏழு மரங்களோடு தொடங்கிய அவருடைய பசுமைப் பட்டை இயக்கம் கோடிக்கணக்கான மரங்களை எட்டியது. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. கன்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்கு இயக்கம் ஒரு சிறு தொகை கொடுத்தது, பிழைத்த கன்றுக்கு மட்டும். நட்டதற்குக் காசில்லை. ஒரு விழாக் குழு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை முதல் வருடமே செலவழித்துவிடாமல், இரண்டாம் மூன்றாம் வருடக் களையெடுப்புக்கும் காவலுக்கும் அருகில் வசிப்பவர்களுக்குக் கூலியாக ஒதுக்கலாம். வந்துபோகிறவர்களின் உற்சாகத்தை மட்டும் நம்பிக் காடு வளராது. அந்த நிலத்தில் மாடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர் யார் என்று முதலிலேயே விசாரித்து, அவர்களைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால், கன்றைத் தின்ற மாட்டின் மேல் பழி போட்டுப் பயனில்லை.

எண்ணுவது கடினமும் அல்ல. நட்ட இடத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராகச் சில சதுரங்களைக் குறித்து வைத்து, ஒவ்வொரு விழாவிலும் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எவ்வளவு உயரம் என்று ரசிகர்களே எண்ணலாம். ஒரு கல் தூணை நட்டு வைத்து, வருடா வருடம் அதன் மேலிருந்து ஒரே திசையில் ஒரு படம் எடுத்தால் அதுவே நல்ல பதிவேடு. டிக்கெட் வாங்குமுன் நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: போன தடவை நட்டதில் எத்தனை இருக்கிறது? பதில் நூற்றுக்கு அறுபது என்று வந்தால் தாராளமாகப் போங்கள். ‘எல்லாமே இருக்கிறது’ என்று வந்தால் அவர்கள் எண்ணவில்லை என்று பொருள்.

நிலத்தின் வரைபடம் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இன்று முழங்கால் உயரம் இருப்பது பதினைந்து வருடத்தில் மேடைக் கூரையைவிட உயரமாக இருக்கும். அதனால் மேடை, மின்கம்பி, தீயணைப்பு வண்டி வரும் பாதை மூன்றுக்கும் அன்றைய கிளை வீச்சை மனதில் வைத்து இடம் விட வேண்டும். கூட்டம் நிற்கும் மைதானத்தைப் புல்வெளியாகவே வைத்துக்கொண்டு, நடவைச் சரிவுகளிலும் ஓடைக்கரையிலும் எல்லையோரத்திலும் செய்வதுதான் நல்ல ஏற்பாடு. அப்படியும் எங்கேயாவது ஒரு பக்கம் மரங்கள் கணக்கை மீறி வளர்ந்து வண்டி நிறுத்தும் இடத்துக்குள் வந்து நிற்கும். அந்த வருடம் வண்டிகளை வேறு பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள்.